இன்ஜெக்ஷனைக் கழற்றி காபரேட்டர் பூட்டிய கதை



கராஜில் வேலை செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். "சேர், புதுசு வந்தா பழசு போகும் என்றுதானே வகுப்பில சொல்லித் தந்தீங்க. அமெரிக்காவில இன்ஜெக்ஷனோட வந்த பழைய வொக்ஸ்வேகன்களுக்கு ஏன் காபரேட்டர் பூட்டுறாங்க? பின்னுக்குப் போற வேலைதானே அது?"

நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

இந்தப் "பின்னுக்குப் போற வேலை", எலெக்ட்ரோனிக் இன்ஜெக்ஷன் பிறந்த நாளிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் பென்டிக்ஸ் கம்பனி 1950களின் கடைசியில் "எலெக்ட்ரோஜெக்டர்" என்ற முறையைச் செய்தது. 1958இல் கிரைஸ்லர் கம்பனியின் சில கார்களில் அது பூட்டப்பட்டது. எல்லாம் சேர்த்து சுமார் 35 கார்கள்தான். அக்கால எலெக்ட்ரோனிக் பாகங்கள் சூட்டுக்கும் அதிர்வுக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. விற்ற கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரும்பவும் காபரேட்டரே பூட்டிக் கொடுக்கப்பட்டது.

பென்டிக்ஸின் காப்புரிமைகளை ஜேர்மனியின் போஷ் கம்பனி பயன்படுத்தி, அதை உருப்படியாக்கியது. அதன் பெயர் டி-ஜெட்ரோனிக். "டி" என்பது ட்ருக், ஜேர்மன் மொழியில் அழுத்தம். எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் உள்ள அழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கும். அதை வைத்து, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று ஒரு பெட்டி முடிவு செய்யும். அந்தப் பெட்டிக்குள் இருந்தவை இருபத்துச் சொச்சம் டிரான்சிஸ்டர்கள். இன்று நம் கையிலிருக்கும் போனுக்குள் எத்தனை கோடி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது முதலில் வந்தது பணக்காரர்களின் காரில் அல்ல. அமெரிக்காவுக்கான 1968 மொடல் வொக்ஸ்வேகன் 1600இல், ரேடியேட்டரே இல்லாத, காற்றால் குளிரும் சாதாரணக் குடும்பக் காரில் வந்தது. பெருமளவில் தயாரான கார்களில் எலெக்ட்ரோனிக் இன்ஜெக்ஷன் பெற்ற முதல் கார் அதுதான். காரணம் சட்டம். 1968 மொடல் முதல் அமெரிக்கா முழுவதும் புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. காற்றால் குளிரும் எஞ்சினில் சூடு கூடிக் குறையும், பெற்றோல் கலவையைக் காபரேட்டரால் நுட்பமாகப் பிடிப்பது கஷ்டம். 1975இல் அமெரிக்காவுக்குப் போன பீட்டிலுக்கும் வேனுக்கும் இன்ஜெக்ஷன் வந்தது. இது எல்-ஜெட்ரோனிக், உள்ளே போகும் காற்றின் அளவை ஒரு தகட்டின் அசைவால் அளக்கும் முறை.

அப்படியென்றால் ஏன் கழற்றினார்கள்?

கார் ஊர் ஊராகப் போனது, அதைப் பழுதுபார்க்கும் அறிவு கூடவே போகவில்லை. காபரேட்டரை நம் பாஸ்மார் காதால் கேட்டு, ஸ்க்ரூ திருகி சரிசெய்துவிடுவார்கள். இன்ஜெக்ஷனுக்கு மீற்றர் வேண்டும், புத்தகம் வேண்டும். எல்-ஜெட்ரோனிக்கில் ஓயில் மூடியின் வொஷர் காற்று விட்டாலே போதும், அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து எஞ்சின் திக்கும். இரண்டு ரூபாய் வொஷரின் குற்றத்துக்கு முழு இன்ஜெக்ஷனுமே தண்டனை பெற்றது. வயர்களின் உறை காய்ந்து வெடித்தது, கனெக்டர்களில் பாசி பிடித்தது. டி-ஜெட்ரோனிக்கின் அழுத்த சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய தகடு வெடித்தால் மாற்றுச் சாமான் கிடைப்பது அரிது. வேறு எஞ்சினுக்குரியதைப் பூட்டினால் கலவை பிழைத்துவிடும். எனவே கழற்றிப் போட்டு காபரேட்டர் பூட்டுவதே லேசான வழியாகத் தெரிந்தது.

ஆனால் அந்த லேசான வழியில்தான் ஆபத்து இருந்தது.

இன்ஜெக்ஷன் பம்ப் சதுர அங்குலத்துக்கு சுமார் 28 இறாத்தல் அழுத்தத்தில் பெற்றோல் தள்ளும். காபரேட்டருக்குத் தேவை மூன்று நான்கு இறாத்தல் மட்டும். பழைய பம்பை அப்படியே விட்டால் மிதவையின் ஊசி வால்வு தாங்காது. பெற்றோல் நிரம்பி வழிந்து சூடான எஞ்சின் மேல் கொட்டும். பீட்டில் எஞ்சினின் உடல் மக்னீசியக் கலப்பு உலோகம். அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது நெருப்பை இன்னும் கிளப்பும்.

பம்பை மாற்றினாலும் வேலை முடியாது. தாங்கிக்குப் பெற்றோல் திரும்பிப் போகும் குழாயை ஒழுங்காக அடைக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் புதிய காபரேட்டருக்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸிலேட்டர் மிதித்ததும் கார் தயங்கும். பீட்டிலின் நீண்ட காற்றுக் குழாயைச் சூடாக்க, சைலன்சரிலிருந்து ஒரு சிறு குழாய் வரும். அது இல்லாவிட்டால், வெளியில் உறையும் குளிர் இல்லாமலே, ஈரக் காற்றில் காபரேட்டருக்குள் ஐஸ் பிடிக்கும். பெற்றோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்வதே காரணம். எட்டாம் வகுப்பு விஞ்ஞானம்தான் பிள்ளைகளே.

சட்டமும் குறுக்கே வந்தது. கலிபோர்னியாவில் 1975 மொடலுக்கும் அதற்கு முந்திய கார்களுக்கும் புகைப் பரிசோதனை இல்லை. 1976 வேன்காரர் இன்ஜெக்ஷனைக் கழற்றினால் பரிசோதனையில் மாட்டிக்கொள்வார். ஒரே பழுது, ஒரு வருட வித்தியாசம்.

கடைசியில் நடந்ததைப் பாருங்கள். மெக்சிகோவில் செய்யப்பட்ட பீட்டிலுக்கு 1993இல் இன்ஜெக்ஷன் திரும்பவும் வந்தது. 2003 ஜூலை 30இல் கடைசி பீட்டில் வெளிவரும் வரை அதுவே இருந்தது. இன்று சிலர் காபரேட்டர் பீட்டில்களுக்குக் கம்பியூட்டர் இன்ஜெக்ஷன் பூட்டுகிறார்கள்.

மாணவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: மகன், கழற்றியவர்கள் எல்லோரும் முட்டாள்கள் இல்லை. சாமானும் இல்லாமல், சொல்லித்தர ஆளும் இல்லாமல், நாளைக்குக் கார் ஓடவேண்டிய மனிதன் வேறு என்ன செய்வான்? ஆனால் தெரியாத ஒன்றைக் கழற்றுமுன், அது என்னென்ன வேலை செய்தது என்று எழுதி வை. நீ கழற்றும் ஒவ்வொன்றின் வேலையையும் இனி வேறொன்று செய்தாக வேண்டும். அதை மறந்த இடத்தில்தான் நெருப்புப் பிடிக்கும்.

கராஜ் வேலை தெரிந்த நானாமார் இருந்தால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகள் வாசிக்கட்டும்.