விலாங்கு மீனும் நிமோனியாக் கிருமியும்

பழவேற்காடு ஏரியில் வலை வீசுபவர்களுக்கு விலாங்கு மீனைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. உடம்பு முழுக்க வழவழப்பு. வெறுங்கையால் பிடித்தால் நழுவிவிடும். கையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு பிடித்தால் மாட்டிக்கொள்ளும். குழந்தைகளைக் கொல்லும் ஒரு கிருமியை மனிதன் மடக்கிய கதையும் ஏறக்குறைய இதுதான்!

அந்தக் கிருமியின் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே. சுருக்கமாக நிமோகாக்கஸ். பல குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் தொல்லை தராமல் குடியிருக்கும். சில சமயம் நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் மூளை உறைக்கும் போய்விடும். அப்போதுதான் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் வருகின்றன.

சாதுவாக இருந்த கிருமிக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? அதனிடம் இரண்டு முக்கிய ஆயுதங்கள் இருக்கின்றன.

ஒன்று, நொதிகள். ஒரு நொதி நம் திசுக்களை ஒட்டவைத்திருக்கும் பசையைக் கரைக்கும். இன்னொன்று செல்களின் மேலுள்ள சர்க்கரையை வெட்டி, கிருமி ஒட்டிக்கொள்ள இடம் செய்யும். மற்றொன்று மூக்கில் காவல் நிற்கும் எதிர்ப்புப் புரதத்தையே துண்டாக்கும். சுருங்கச் சொன்னால், பூட்டை உடைக்கும் வேலை.

இரண்டாவது, மேலுறை. கிருமியைச் சுற்றியுள்ள வழவழப்பான சர்க்கரைப் போர்வை இது. பிடித்து விழுங்க வரும் வெள்ளை அணுக்களின் கையிலிருந்து கிருமி நழுவுவது இதனால்தான்.

மேலுறைதான் உயிர்நாடி என்பது எப்படித் தெரிந்தது? 1928ல் இங்கிலாந்தின் பிரெடரிக் கிரிஃபித், உறையுள்ள கிருமி எலியைக் கொல்வதையும் உறையற்றது கொல்லாததையும் காட்டினார். 1930ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் ரெனே டூபோ ஒரு படி மேலே போனார். சதுப்பு நில மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவின் நொதி, மூன்றாம் வகை நிமோகாக்கஸின் உறையைக் கரைத்தது. உறை போனதும் எலிகள் பிழைத்தன! நொதியால் தாக்கும் கிருமியை இன்னொரு நொதியாலேயே அடக்கிக் காட்டினார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். உறையில் 100க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகைக்குச் செய்த தடுப்பூசி இன்னொரு வகைக்குப் பெரும்பாலும் உதவாது. அப்படியானால் எந்த வகைகளைத் தேர்ந்தெடுப்பது?

இங்கேதான் தமிழ்நாடு வருகிறது. 1993 முதல் 1997 வரை இந்தியாவில் 6 மருத்துவமனைகள் சேர்ந்து நிமோகாக்கஸ் நோயாளிகளைக் கணக்கெடுத்தன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குரியன் தாமஸ், எம்.கே. லலிதா போன்றோர் இதில் முன்னின்றனர். முடிவுகள் 1999ல் லான்செட் இதழில் வெளிவந்தன. நோயில் கால் பங்குக்கும் மேல் 1, 5 என்ற இரண்டே வகைகளால் வந்திருந்தது.

அடுத்த ஆண்டு, 2000ல், அமெரிக்காவில் குழந்தைகளுக்கான தடுப்பூசி வந்தது. அதில் 7 வகைகள். 1ம் இல்லை, 5ம் இல்லை! அங்கே அதிகம் நோய் தந்த வகைகளைப் பார்த்துச் செய்த ஊசி அது. எவ்வளவு பணம் கொடுத்து வாங்கினாலும் நம் குழந்தைகளுக்குப் பாதிக் கவசம்தான். வேலூர்க் கணக்கு இல்லையென்றால் அந்த ஓட்டை நம் கண்ணில் பட்டிருக்காது.

பின்னால் வந்த 10 வகை, 13 வகை ஊசிகளில் 1, 5 இரண்டும் சேர்ந்தன. புனேயின் சீரம் நிறுவனம் 2020 டிசம்பரில் உள்நாட்டு 10 வகை ஊசியை வெளியிட்டது. அரசின் இலவசத் திட்டத்தில் 2017ல் சில மாநிலங்களில் தொடங்கிய நிமோகாக்கஸ் ஊசி, 2021ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று மூன்று தவணை.

ஊசி போட்டபின் உடலில் உருவாகும் எதிர்ப்புப் புரதம் என்ன செய்கிறது? உறையின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. வழுக்கல் போய், வெள்ளை அணுவுக்குப் பிடி கிடைக்கிறது. விலாங்குக்குச் சாம்பல் செய்யும் அதே வேலை!

ஊசியில் இல்லாத வகைகள் இன்னும் நிறைய வெளியே இருக்கின்றன. எனவே கணக்கெடுப்பு நிற்கக் கூடாது. பழவேற்காட்டுக் குப்பத்தில் ஒரு தாய் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஊசிக்குக் காத்திருக்கிறாள் என்றால், அந்தச் சிறிய மருந்துக் குப்பிக்குள் அவளைப் போன்ற எத்தனையோ தாய்மார்களின் பிள்ளைகளைப் பற்றிய நான்காண்டுக் கணக்கும் இருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?