உறைக்குள்ளும் ஒரு முகவரி

கணினிக்குக் கணினி கோப்பு அனுப்பும் எஃப்டிபி நெறிமுறையின் முதல் வரைவு 1971 ஏப்ரலில் வெளிவந்தது. எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் பயின்று எம்ஐடிக்குச் சென்றவர். அன்றைய அர்ப்பாநெட்டில் இருந்த கணினிகள் மிகச் சில. வழியில் எவரேனும் முகவரியை மாற்றி எழுதுவர் என்று நினைக்கக் காரணமே இல்லை.

இந்நெறிமுறையில் கட்டளைக்கு ஓர் இணைப்பு, கோப்புக்கு வேறோர் இணைப்பு. 1985இல் நிலைபெற்ற வடிவத்தில், கோப்பைக் கேட்கும் கணினி அது வந்துசேர வேண்டிய இடத்தைக் கட்டளைக்குள்ளேயே எழுதுகிறது: 10,0,0,5,4,1. முதல் நான்கு எண்களும் முகவரி. நான்கை 256ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 1025, அது போர்ட். உறைமேல் உள்ள முகவரியைக் கடிதத்தின் தலைப்பிலும் எழுதும் நம் பழைய வழக்கத்தை ஒத்தது இது.

32 பிட் முகவரிகள் ஏறத்தாழ 430 கோடிதான். அவை தீர்ந்துவிடும் என்ற அச்சம் 1990களில் எழுந்தது. 1994 மே மாதம் எகவாங்கும் பிரான்சிஸும் முகவரி மாற்றத்தை முன்மொழிந்தனர். உள்ளே தனி முகவரிகள். வாசலில் நிற்கும் கருவி உறைமேல் பொது முகவரியை எழுதி அனுப்பும். ஆனால் கடிதத்துக்குள் பழைய 10,0,0,5 அப்படியே இருக்கும். கடவுச்சொல் ஏற்கப்படும், கோப்புப் பட்டியல் மட்டும் வராது.

ஆகவே கருவி கடிதத்தைப் பிரித்துத் திருத்த வேண்டியதாயிற்று. 10,0,0,5 என்பது எட்டு எழுத்து, 203,0,113,25 பன்னிரண்டு. டிசிபி ஒவ்வோர் எழுத்தையும் எண்ணி வைப்பதால், அந்த நான்கின் வேறுபாட்டை இணைப்பு முடியும்வரை கருவி கணக்கில் சரிக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முன்மொழிந்தவர்களே இச்சிக்கலை அவ்வாவணத்தில் குறித்துவைத்தனர் என்பது அவர்களின் நேர்மை.

பின்னாளில் ஸ்விட்சுகளிலும் இவ்வேலை அமைந்தது. உள் முகவரிகள் எவை, பொது முகவரி எது என்று எழுதினால் போதாது. எஃப்டிபியையும் கவனி என்று சொல்ல வேண்டும். பொதுவாக ஸ்விட்ச் 21ஆம் போர்ட்டை மட்டுமே படிக்கும். சர்வர் வேறு போர்ட்டில் இருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். கட்டளை இணைப்பை மறையாக்கம் செய்துவிட்டாலோ, திருத்தும் கை பயனற்றுப்போகும். பிறர் கடிதத்தைப் படிக்கும் உரிமை தபால்காரருக்கு உண்டா என்ற கேள்வி அதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

கோப்புக்கான இணைப்பையும் கேட்பவரே தொடங்கும் முறை இருந்தது. ஆனால் அதில் சர்வர் தன் முகவரியை எழுதும், சர்வர் வாசலுக்கு உள்ளே இருந்தால் அதே தொல்லை. 1998 செப்டம்பரில் வந்த திருத்தத்தில் சர்வரின் பதில் இப்படி மாறிற்று: மூன்று செங்குத்துக் கோடுகள், பிறகு போர்ட் எண், இன்னொரு கோடு. முகவரிக்குரிய இடம் வெறுமை.