கடன் வாங்குன ஹோம் கிரவுண்ட்

மாட்ரிட்டுக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி ஃபுவென்லப்ராடான்னு ஒரு ஊர். வேலை தேடி தலைநகர் பக்கம் வந்தவங்க எழுபது எண்பதுகள்ல குடியேறிக் குடியேறிப் பெருத்த ஊர். 1991ல அங்க ஒரு உள்ளரங்கம் திறந்தாங்க. பேரு ஃபெர்னாண்டோ மார்ட்டின் அரங்கம். என்.பி.ஏ.வில் ஆடிய முதல் ஸ்பெயின்காரர் அவர். 1989 டிசம்பர்ல கார் விபத்துல 27 வயசுலேயே போய்ச் சேர்ந்துட்டார்.

அரங்கம் ரெடி. ஆனா அதுல ஆட ஊருக்குன்னு பெரிய டீம் கிடையாது!

அதே நேரம் யூகோஸ்லாவியா உடைஞ்சுக்கிட்டிருந்தது. போர் நடக்கிற நாட்டுக்கு மத்த அணிகளை அனுப்ப முடியாதுன்னு கூடைப்பந்து சம்மேளனம் ஃபிபா சொல்லிடுச்சு. ஐரோப்பியக் கோப்பையில இருந்த மூணு யூகோஸ்லாவிய அணிகளும் ஸ்பெயினுக்கு மூட்டை கட்டின. ஸ்ப்ளிட் அணி ஆ கொருன்யாவுக்கு, ஜாக்ரெபின் சிபோனா புவெர்ட்டோ ரியாலுக்கு, பெல்கிரேடின் பார்ட்டிசான் நம்ம ஃபுவென்லப்ராடாவுக்கு.

பெல்கிரேட்ல பார்ட்டிசானுக்கு 1973ல கட்டின பியோனிர் அரங்கம் இருந்தது. சத்தத்துக்குப் பேர் போன இடம். அதை விட்டுட்டு, பாஷை தெரியாத ஊர்ல 'உள்ளூர்' ஆட்டம் ஆடணும். அணியில முக்காவாசி சின்னப் பசங்க. கோச் ஜெல்கோ ஓப்ரடோவிச்சுக்கு அதுதான் முதல் வருஷம்.

அப்புறம் நடந்ததுதான் அழகு. ஊர் ஜனம் இவங்களைத் தத்தெடுத்துக்கிச்சு. மாட்ரிட்டின் எஸ்டுடியான்டெஸ் ஆட வந்தப்பகூட ஆதரவு பார்ட்டிசானுக்குத்தான். 'பார்ட்டிசான் தெ ஃபுவென்லப்ராடா'ன்னே பேர் வந்துடுச்சு.

காலிறுதியில மட்டும், பொலோஞா அணியோட ஒரே ஒரு ஆட்டம் பெல்கிரேட்ல ஆட அனுமதி கிடைச்சது. அந்த சீசன்ல சொந்த வீட்டுல ஆடினது அந்த ஒண்ணுதான். ஜெயிச்சாங்க. அப்படியே 1992 ஏப்ரல் 16, இஸ்தான்புல் ஃபைனல். எதிரணி ஸ்பெயினின் ஹோவென்டுட் படலோனா. கடைசி நொடிகள்ல ரெண்டு பாயின்ட் பின்னாடி. சாஷா ஜோர்ஜெவிச் பந்தைத் தட்டிக்கிட்டே ஓடி, நிலைதடுமாறி எறிஞ்ச மூணு பாயின்ட் ஷாட் உள்ளே! 71-70.

அந்த ஏப்ரல்லதான் போஸ்னியாவில் போர் மூண்டது. மே 30ல ஐ.நா. தடை. பாதி உலகம் சுத்தி வாங்கின பட்டத்தைத் தக்கவைக்க அடுத்த வருஷம் ஆடவே முடியல. போரை முடிவு பண்ணினது இந்தப் பசங்க இல்ல. தண்டனையில மட்டும் பங்கு கிடைச்சது. போரில் உயிரும் வீடும் போனவங்களுக்கு முன்னாடி கூடைப்பந்து பெரிய இழப்பு இல்லைதான், ஆனாலும்...

ஓப்ரடோவிச் 1994ல அதே ஹோவென்டுட்டுக்கே அந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். மொத்தம் ஒன்பது பட்டம்! ஃபுவென்லப்ராடாவின் சொந்த அணியும் வளர்ந்து 1996ல ஸ்பெயினின் முதல் டிவிஷனுக்கு ஏறிடுச்சு. ஆடினது அதே அரங்கத்துலதான். 2023ல கீழ இறங்கினாங்க.

பார்ட்டிசான் முதன்முதலா ஐரோப்பிய சாம்பியன் ஆன கதையைச் சொல்றப்போ, ஃபுவென்லப்ராடா பேரைச் சொல்லாம முடிக்க முடியாது. ஹோம் கிரவுண்ட்னா கட்டடமா, கை தட்டுற ஜனமா? நான் ஜனம்ங்கிற கட்சி. நீங்க எந்தக் கட்சி மக்களே? :-)