ஷட்டர் எங்கே பிறக்கிறது? விற்பனை வரியும் வீட்டுக் காவலும்

கடையில் ஒரு பூட்டு வாங்குவது வரிச் சட்டத்தின் கண்ணில் மிக எளிய செயல். அலிகரிலோ திண்டுக்கல்லிலோ செய்யப்பட்ட பொருள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போகிறது. எதிர்த்திசையில் பணம் வருகிறது. அது விற்பனை, அதற்கு விற்பனை வரி. அதே வீட்டுக்காரர் வாசலுக்கு இரும்பு ஷட்டரோ சன்னலுக்குக் கிரில்லோ அளவெடுத்துச் செய்து மாட்டித் தரும்படி பட்டறைக்காரரிடம் சொன்னால் சட்டம் தடுமாறத் தொடங்கியது. பட்டறைக்காரர் விற்றது இரும்பையா, ஷட்டரையா, தம் உழைப்பையா? மூன்றுக்கும் மூன்று வேறு விலை விளைவுகள் இருந்தன. 1939 முதல் 2017 வரை இந்திய விற்பனை வரியின் வரலாற்றில் இக்கேள்வி ஓயவே இல்லை.

தொடக்கம் சென்னை மாகாணத்தில். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணப் பட்டியலின் 48ஆம் பதிவில் சரக்குகளின் விற்பனைமீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாகாணங்களுக்கு அளித்தது. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய இராஜாஜி அமைச்சரவைக்குக் கள், சாராய வருவாய் குறைந்தது. அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டியிருந்தது. 1939ஆம் ஆண்டு சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் அவ்வாறு பிறந்தது. விற்றுமுதலில் அரை சதவீதம் என்ற சிறு விகிதத்தில் தொடங்கிய அந்த வரி, ஒரு பொருள் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் விழுந்தது. மது அருந்தாத குடும்பமும் தாழ்ப்பாள் வாங்கும்போது மதுவிலக்கின் செலவில் பங்கேற்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

வீடு கட்டுவதும் அதைப் பழுதுபார்ப்பதும் முதலில் இவ்வரிக்குள் வரவில்லை. 1947இல் வந்த திருத்தம்தான் ‘விற்பனை’ என்ற சொல்லின் பொருளை விரித்தது. பணி ஒப்பந்தம் ஒன்றை நிறைவேற்றும்போது அதில் சேரும் சரக்குகளின் உடைமை மாறுவதும் விற்பனையே என்றது அது. பணி ஒப்பந்தம் என்றால் என்ன என்பதற்கும் வரையறை தந்தது: கட்டடம், சாலை, பாலம் முதலான அசையாச் சொத்தைக் கட்டுவது, பொருத்தி அமைப்பது, மேம்படுத்துவது, பழுதுபார்ப்பது. வீட்டைக் கள்வரிடமிருந்து காக்கச் செய்யும் வேலைகள் ஏறக்குறைய எல்லாம் ‘பொருத்துதல்’, ‘மேம்படுத்துதல்’ என்ற இரு சொற்களுக்குள் அடங்கிவிடும்.

இவ்விரிவை எதிர்த்த கேனன் டங்கர்லி நிறுவனம் 1954இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றது. மாநிலம் மேல்முறையீடு செய்தது. 1958 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர். முத்துசாமி தீட்சிதரின் கிருதிகளில் ஆழ்ந்த புலமை கொண்ட சங்கீத கலாநிதி. சொல்லுக்குச் சொல் பாடம் பேணும் மரபில் வந்தவர். அவருடைய தீர்ப்பும் ஒரு சொல்லின் பாடபேத ஆராய்ச்சியைப் போன்றதே. ‘சரக்குகளின் விற்பனை’ என்ற தொடருக்கு 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் தரும் பொருளே அரசமைப்பிலும் பொருள். சரக்கை விற்பதாக ஓர் உடன்பாடும், அதன்படி அந்தச் சரக்கின் உடைமை மாறுவதும் இல்லாமல் விற்பனை இல்லை. கட்டட ஒப்பந்தம் பிரிக்கவியலாத ஒற்றை உடன்பாடு. அதில் செங்கல் விற்பனை என்றும் சிமெண்ட் விற்பனை என்றும் தனித்தனியே எதுவும் கிடையாது. மாநில சட்டமன்றம் தன் விருப்பப்படி ஒரு சொல்லின் பொருளை நீட்டி வரி வாங்க முடியாது.

இக்கொள்கை முழுக் கட்டடத்துக்குப் பொருந்துவதில் சிக்கல் குறைவு. கதவுக்கும் சன்னலுக்கும் பொருந்துமா என்பதுதான் அடுத்த இருபது ஆண்டுகளின் வழக்கு. இராஜஸ்தான் அரசுக்கும் மான் இண்டஸ்டிரியல் கார்ப்பரேஷனுக்கும் இடையிலான வழக்கில் 1969இல் உச்ச நீதிமன்றம், குறிப்பிட்ட அளவிலும் வடிவமைப்பிலும் சன்னல்களைச் செய்து பொருத்தித் தருவது பணி ஒப்பந்தமே என்றது. 1977இல் உத்தரப் பிரதேசத்தின் வேங்கார்டு ரோலிங் ஷட்டர்ஸ் வழக்கிலும் 1978இல் மகாராஷ்டிரத்தின் செண்டினல் ரோலிங் ஷட்டர்ஸ் வழக்கிலும் சுருள் ஷட்டர்களைப் பற்றி அதே முடிவு வந்தது.

செண்டினல் வழக்கில் நீதிபதி பகவதி முன்வைத்த தருக்கம் இன்று படித்தாலும் வியப்பூட்டுவது. பட்டறையில் இருப்பவை தகட்டுப் பட்டைகள், பக்கவாட்டு வழிகாட்டிச் சட்டங்கள், உருளை, சுருள்வில், மேல்மூடி ஆகிய தனித்தனிப் பாகங்கள். அவற்றில் எதுவும் ஷட்டர் அன்று. வாடிக்கையாளரின் இடத்தில் அவை உரிய நிலையில் பொருத்தப்படும்போதுதான் ஷட்டர் என்ற ஒரு பொருள் உருவாகிறது. உருவாகும் அக்கணத்திலேயே அது வாடிக்கையாளரின் உடைமை. அப்படியானால் தயாரிப்பாளர் அதை ஒருபோதும் ஷட்டராக உடைமை கொண்டிருக்கவில்லை; தம்மிடம் இல்லாததை அவர் எப்படி விற்றிருக்க முடியும்? ஒரு பெயர்ச்சொல் எந்தக் கணத்தில் தனக்குரிய பொருளைச் சுட்டத் தொடங்குகிறது என்ற மொழியியல் கேள்வி, இங்கே ரூபாய் அணாக் கேள்வியாக மாறி நிற்கிறது.

வரலாற்று நூல்கள் இத்தீர்ப்புகளைத் தொழில் தரப்பின் வெற்றிகளாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதுண்டு. வீட்டுக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு அவ்வளவு தெளிவானதன்று. ஓர் எடுத்துக்காட்டு: ஷட்டரின் ஒப்பந்தத் தொகை 1,000 ரூபாய், அதில் இரும்பின் பங்கு 600 என்று கொள்வோம். அது விற்பனை என்றால் 1,000 ரூபாய்க்கும் வரி உண்டு. பணி ஒப்பந்தம் என்றால் அத்தொகைக்கு வரி இல்லை. ஆனால் 600 ரூபாய் இரும்பைப் பட்டறைக்காரர் வாங்கியபோதே அதன்மீது வரி விழுந்திருக்கும். அது பட்டியலில் தெரியாமல் விலைக்குள் ஒளிந்திருக்கும். மேலும், 1956ஆம் ஆண்டு மத்திய விற்பனை வரிச் சட்டம், விற்பனைக்கான பொருளைத் தயாரிக்க வெளிமாநிலத்திலிருந்து மூலப்பொருள் வாங்கும் பதிவுபெற்ற வணிகருக்குச் சலுகை விகிதம் அளித்தது. தாம் செய்வது விற்பனைப் பொருளே அன்று என்று நீதிமன்றத்தில் வென்றவர், அந்தச் சலுகைக்கு உரிமை கோரும்போது அதே வெற்றியைத்தான் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. வழக்கு முடியும்வரை ஆண்டுக்கணக்கில் இடர் வேறு: வாடிக்கையாளரிடம் வரி வாங்காமல் ஷட்டர் மாட்டிக் கொடுத்துவிட்டுப் பிறகு மதிப்பீட்டு ஆணை வந்தால், சிறு பட்டறை தன் கையிலிருந்து கட்ட வேண்டும். அந்த அச்சத்துக்கு ஈடாக முன்கூட்டியே விலையைக் கூட்டி வைத்தவர்களைக் குறைசொல்ல முடியாது.

மாநிலங்களின் வருவாய் இழப்பைக் கருதிச் சட்ட ஆணையம் 1974இல் தன் 61ஆம் அறிக்கையில் இச்சிக்கலை ஆராய்ந்தது. அரசமைப்பின் 46ஆம் திருத்தம் 1983 பிப்ரவரி 2இல் நடைமுறைக்கு வந்தது. பணி ஒப்பந்தத்தில் சேரும் சரக்குகளின் உடைமை மாற்றத்தை, அவை சரக்காக மாறினாலும் வேறு வடிவில் மாறினாலும், விற்பனையாகக் கருதலாம் என்றது 366ஆம் பிரிவின் 29அ உட்பிரிவு. 1947இல் சென்னை சட்டமன்றம் செய்ய முயன்று தோற்றதை நாடாளுமன்றம் அரசமைப்பின் வழியாகச் செய்து முடித்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. 1992 நவம்பரில் தீர்ப்பான, அதே கேனன் டங்கர்லி நிறுவனத்தின் மற்றொரு வழக்கு, உழைப்பு, வடிவமைப்பு, உழைப்பைச் சார்ந்த இலாபம் ஆகியவற்றைக் கழித்துவிட்டுச் சரக்கின் மதிப்புக்கு மட்டுமே வரி என்று வரம்பு கட்டியது. நம் எடுத்துக்காட்டில் இனி வரி 600 ரூபாயை ஒட்டியே.

கழிவு நியாயமானது, அதை மெய்ப்பிக்கக் கணக்குப் புத்தகம் வேண்டும். கணக்கு வைக்காதவருக்கு மாநில விதிகள் உழைப்பின் பங்காக நிலையான ஒரு விழுக்காட்டை மட்டும் கழித்தன. மறுபுறம் 2007 ஜூன் முதல் பணி ஒப்பந்தத்தின் சேவைப் பகுதிக்கு மத்திய அரசின் சேவை வரி தனியே வந்தது. 2014 அக்டோபர் முதல் பழுது, பராமரிப்பு போன்ற வேலைகளில் மொத்தத் தொகையின் 70 சதவீதம் சேவை என்று வைத்துக்கொள்ளப்பட்டது. மாநிலத்தின் பார்வையில் சரக்கின் பங்கையும் மத்திய அரசின் பார்வையில் சேவையின் பங்கையும் கூட்டினால் நூறைத் தாண்டுவதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. ஒரே ஷட்டரின் சில பகுதிகள் ஒரே சமயத்தில் சரக்காகவும் உழைப்பாகவும் வரி கட்டின.

2017 ஜூலை 1இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரி இப்பிளவை ஒரு வரியில் மூடியது: அசையாச் சொத்தைச் சார்ந்த பணி ஒப்பந்தம் சேவையாகவே கருதப்படும். பூட்டுக்கும் 18 சதவீதம். வீட்டில் செய்யும் பணி ஒப்பந்தத்துக்கும் பொதுவாக 18 சதவீதம். கண்காணிப்புக் கேமரா சுவரில் திருகப்பட்ட பின் அசையாச் சொத்தா, கழற்றக்கூடிய சரக்கா என்ற வினா வீட்டுக்காரரைப் பொறுத்தவரை விலையை மாற்றாது. இதைச் சிறிய நன்மை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஆயினும் பழைய கேள்வி முழுக்க அடங்கவில்லை. 2019 ஏப்ரல் முதல் பெரும்பாலான மாநிலங்களில் சரக்கு மட்டுமே விற்பவர் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு செய்யத் தேவையில்லை. சேவை அளிப்பவருக்கு அவ்வரம்பு 20 லட்சம்தான். தொகுப்பு வரித் திட்டத்தில் சிறு தயாரிப்பாளருக்கு 1 சதவீதம். சிறு சேவையாளருக்கு 6. பூட்டுக் கடைக்காரர் முதல் வகையில் நிற்கிறார். கிரில்லை வெட்டி, பற்றவைத்து, தோளில் சுமந்து வந்து, சுவரைத் துளைத்துப் பதித்துவிட்டுப் போகும் வெல்டர், சட்டத்தின் சொற்படி இரண்டாம் வகையில் விழுகிறார். அவரை அங்கே நிறுத்துவது மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 2(119)ஆம் பிரிவு. அந்த வரையறையின் நீண்ட சொல்வரிசையில் கட்டுதல், நிறுவுதல், புதுப்பித்தல் என்று பல புதுச் சொற்கள் சேர்ந்துள்ளன. நடுவே பொருத்தி அமைத்தல், மேம்படுத்துதல், பழுதுபார்த்தல் ஆகிய மூன்றும் 1947இன் சென்னைத் திருத்தத்தில் இருந்த அதே ஆங்கிலச் சொற்களாக இன்றும் நிற்கின்றன.