கீழாநெல்லியும் காமாலை ஆராய்ச்சியும்

கண்ணில் மஞ்சள் படர்ந்த அளவிலே, நோய் இன்னதென்று தெளியுமுன்னரே மருந்து தேட முற்படுவது நம்மவர் இயல்பு. ஆரணியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் காமாலை என்றதும் வயல் வரப்பிற்கும் கமண்டல நாகநதிக் கரைக்கும் கீழாநெல்லி பறிக்க ஆள் ஓடுதல் நெடுநாள் வழக்கமாகும். இலைக்காம்பின் கீழே கடுகினும் சற்றே பெரிய காய்கள் வரிசையுற நிற்றலின் இச்செடி அப்பெயர் பெற்றது. இதனை அறியாத வீடு நம் குலத்தில் இராது. ஆயினும், இச்செடியைச் சென்னையில் ஒரு தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர் துலையில் இட்டு நிறுத்துப் பார்த்த வரலாற்றை அறிந்தார் சிலரே. அவ்வரலாறு நம் சங்கத்துக் குடும்பங்கட்குப் பெரிதும் பயன்படுவதாகலின், அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

காமாலை என்பது ஒரு நோயன்று. கல்லீரல் கெட்டமைக்கு ஓர் அடையாளமே என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களில் ஏ, பி, சி, டி, ஈ என ஐவகை தலையாயவை. இவற்றுள் ஏ, ஈ என்னும் இரண்டும் மலங்கலந்த நீராலும் உணவாலும் பரவுவன. பி, சி, டி என்பன குருதியின் வழியாகப் பரவுவன. தூய்மை செய்யப்படாத ஊசி, பிறர் குருதி பட்ட சவரக்கத்தி, ஆய்ந்து பாராது ஏற்றிய குருதி ஆகியன அவற்றின் வாயில்கள். பி வகை உடலுறவாலும், பேறு காலத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் செல்லும்.

இவ்வேறுபாடு ஒருநாளில் விளங்கியதன்று. 1955-ஆம் ஆண்டின் இறுதியில் டில்லி மாநகரத்துக் குடிநீரில் கழிவுநீர் கலந்தமையால் ஏறத்தாழ 29,000 பேர் காமாலையுற்றனர். அஃது ஏ வகையே என அந்நாளில் அறிஞர் கருதினர். அப்பொழுது எடுத்துச் சேமித்திருந்த குருதிநீரை 1980-ஆம் ஆண்டளவில் மீண்டும் ஆராய்ந்தபோதுதான், அது ஏ வகையுமன்று, பி வகையுமன்று என்பது புலனாயிற்று. இன்று ஈ என வழங்கும் வகை அதுவே. கருவுற்ற மகளிர்க்கு இவ்வகை பெருங்கேடு விளைப்பது.

பி வகையைக் கண்டறிந்த வரலாறு இன்னும் வியப்புடையது. அமெரிக்கராகிய பாரூக் பிளம்பெர்க் என்பார் பல நாட்டு மக்களின் குருதியை ஒப்புநோக்கி வருகையில், ஆஸ்திரேலியத் தொல்குடியினர் ஒருவரது குருதியில் புதியதொரு பொருளைக் கண்டார். 1965-ஆம் ஆண்டில் அதனை 'ஆஸ்திரேலிய ஆண்டிஜென்' என வெளியிட்டார். அது பி வைரஸின் மேலுறை என்பது பின்னர்த் தெளிந்தது. அதனைக்கொண்டே குருதியை ஆய்ந்து நோய் காணும் முறையும், நோய் வாராது காக்கும் தடுப்பூசியும் பிறந்தன. 1976-ஆம் ஆண்டில் அவர் நோபெல் பரிசு பெற்றார். அவர் பிறந்த ஜூலை 28-ஆம் நாளே இன்று உலகக் கல்லீரலழற்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அப்பெரியாருடைய கூட்டுறவோடு நம் கீழாநெல்லியை ஆராய்ந்தவரே எஸ். பி. தியாகராஜன் ஆவர். இவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி மருத்துவ நிலையத்தில் நுண்ணுயிரியல் ஆராய்ந்தவர். பின்னாளில் அப்பல்கலைக்கழகத்திற்கே துணைவேந்தராகவும் விளங்கினார். 1987-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் வெங்கடேசுவரன், பிளம்பெர்க் முதலியோர், கீழாநெல்லி இனத்துச் செடியின் சாறு பி வைரஸ் பெருகுதற்குரிய நொதியைத் தடுப்பதாக ஆய்வுக்கூடத்திற் கண்டனர். மறு ஆண்டில், மனிதர்பால் அதன் பயன் யாது எனச் சென்னையில் சோதித்த முடிவு 'லான்செட்' என்னும் ஆங்கில மருத்துவ இதழில் வெளிவந்தது. வைரஸை நெடுநாளாக உடலிற் சுமந்தவர்களுள் ஒரு சாரார்க்கு, உலர்த்திய கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் நாடோறும் மும்முறை 30 நாள் கொடுத்தனர். மற்றொரு சாரார்க்கு மருந்தில்லாத போலிப் பொருளைக் கொடுத்தனர். மருந்துண்ட 37 பேருள் 22 பேர்க்கு ஆஸ்திரேலிய ஆண்டிஜென் மறைந்தது. போலி உண்ட 23 பேருள் ஒருவர்க்கே மறைந்தது.

போலி மருந்து எதற்கு என வினவுவார் உளராயின், நம் தொழிலைக்கொண்டே விடை கூறுவாம். புதுச் சாயம் நிற்குமா எனப் பார்க்கும் நெசவாளர், ஒரே பட்டிலிருந்து இரு கழிகளை எடுத்து, ஒன்றைப் புதுச் சாயத்திலும் மற்றொன்றைப் பழஞ்சாயத்திலும் தோய்த்து, ஒரே நீரில் அலசி, ஒரே நிழலில் உலர்த்தி நோக்குவர். ஒரு கழியை மட்டும் பார்த்து, சாயம் நன்று என்பார் சொல்லை எவரும் கொள்ளார். மருந்துக்கும் அதுவே நெறி. இன்னும், ஓரூரில் நின்ற சாயம் வேற்றூர் நீரிலும் நிற்கிறதா எனப் பார்த்தல் அதனினும் சிறந்த நெறி.

அவ்வாறே வேற்று நாட்டாரும் பார்த்தனர். 1990-ஆம் ஆண்டில் தாய்லாந்திலிருந்தும், 1991-ஆம் ஆண்டில் நெதர்லாந்திலிருந்தும், 1994-ஆம் ஆண்டில் நியூசிலாந்திலிருந்தும் வந்த முடிவுகள் சென்னை முடிவை உறுதிசெய்யவில்லை. செடி விளைந்த நிலமும், பறித்த பருவமும், வைரஸின் உட்பிரிவும் வேறுபட்டிருக்கலாம் என வாதித்தாரும் உளர். எனினும், பல சோதனைகளையும் ஒருங்கு தொகுத்து 2011-ஆம் ஆண்டில் ஆய்ந்த 'காக்ரேன்' அறிஞர் குழு, போலி மருந்தினும் இது பயன்றரும் என நம்புதற்குத் தக்க சான்று இல்லை என்றே முடித்தது.

இதனால் அவ்வாராய்ச்சி வீணாயிற்று என்பார் அறியாதார். பாட்டிமார் சொல்லென்று இகழாமலும், பழமை என்று வழிபடாமலும், எண்ணிப் பார்த்து எண்ணியதை வெளியிட்டமையே அவ்வாராய்ச்சியின் பெருமை. வெளியிட்டமையாலன்றோ பிறர் சோதித்தல் கூடிற்று!

அங்ஙனமாயின், கீழாநெல்லி உண்டு காமாலை தீர்ந்தார் நம் கண்முன் பலர் உளரே எனின், தீர்ந்தமை மெய்யே. ஆனால், ஏ வகைக் காமாலை பெரும்பாலும் தானே தணிவது. வளர்ந்தோர்க்குப் புதிதாக வந்த பி வகையும் நூற்றுக்குத் தொண்ணூற்றைவர்க்குத் தானே நீங்கும். தானே நீங்கிய நோயின் புகழை உண்ட மருந்து பெற்றுக்கொள்கிறது. நீங்காது தங்கும் பி வகையோ கண்ணை மஞ்சளிக்கச் செய்யாமலே பல்லாண்டு உள்ளுறைந்து, ஈரற் சுருக்கமாகவும் புற்றாகவும் வெளிப்படும். பிறந்த பொழுதே அதனைப் பெற்ற குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர்க்கு அது தங்கிவிடுகிறது. 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் பி வைரஸைச் சுமந்திருந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மஞ்சள் மறைந்தது கண்டு, தறிக்கு மீண்ட தகப்பன் நலமுற்றான் எனக் குடும்பம் மகிழ்ந்திருக்க, உள்ளே ஈரல் அழிதல் எத்துணைக் கொடுமை!

இதற்குக் காப்பு இன்று எளிது. ஒருகால் செல்வர்க்கே எட்டிய பி தடுப்பூசியை 1997-ஆம் ஆண்டில் ஐதராபாத்துச் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் இந்நாட்டிலேயே செய்து விலையைக் குறைத்தது. இப்பொழுது அரசினர் குழந்தைகட்கு அதனை இலவசமாக இடுகின்றனர். பிறந்து 24 மணி நேரத்திற்குள் இடும் முதல் ஊசியே தலையாயது. நல்ல நாள் பார்த்து அதனைத் தள்ளிவைத்தல் தகாது. கருவுற்ற மகளிர் அனைவரும் குருதி ஆய்வு செய்துகொள்ளல் வேண்டும். தங்கிய பி வைரஸை அடக்கி வைக்கும் மாத்திரைகள் உள்ளன. சி வகையைச் சில மாதங்களில் முற்றும் நீக்கும் மருந்துகளும் உள்ளன. 2018-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இவை விலையின்றிக் கிடைக்கின்றன.

இறுதியாக ஒன்று கூறுவாம். பெண் கொடுக்கல் வாங்கல் கெடுமென அஞ்சி, நோயை மறைப்பார் உளர். பி வைரஸ் உடன் உண்பதாலோ, ஒரே தறியில் உடனிருந்து நெய்வதாலோ பரவுவதன்று. மணமக்களுள் ஒருவர்க்கு அஃது இருப்பின், மற்றவர்க்குத் தடுப்பூசி இட்டுக் காத்தல் கூடும். மறைத்தலே கேடு தருவது. ஆய்ந்தறிதல் குடியைக் காப்பது. வரப்பில் கீழாநெல்லி வளர்க. அதன்மேல் அன்பும் வளர்க. ஆயினும், கண் மஞ்சளித்தார் முதற்கண் செல்லுமிடம் மருத்துவமனை ஆகுக. குருதி ஆய்வின் முடிவு கையில் வந்தபின்னரே மருந்தைப்பற்றிய பேச்சு எழுக. நம் சங்கத்துப் பெரியோரும் தாய்மாரும் இதனை வீடுதோறும் எடுத்துரைப்பாராக.