கிளட்சா, ஆட்டோவா? காட்டுச் சாலை வண்டியின் கியர்பாக்ஸ் சொல்லும் வரலாறு



கிள்ளானில் பழைய வண்டி விற்கிற கடைக்கு ஒரு ஃபோர் வீல் பார்க்கப் போனால் சீக்கிரமே ஒரு கேள்வி வரும்: “மேனுவல் வேணுமா, ஆட்டோ வேணுமா?” “காட்டுக்குப் போறவன் மேனுவல்தான் எடுக்கணும்” என்பார் ஒருவர். “அதெல்லாம் அந்தக் காலம்” என்பார் இன்னொருவர். இருவரும் சொல்வது பாதி வரலாறுதான். மீதியையும் சேர்த்துப் பார்த்தால் காரணமும் விளைவும் எப்படி இணைகின்றன என்பது புரியும். வாங்கப் போகிறவரின் பணமும் தப்பும்.

தேர்ந்தெடுக்க வழியில்லாத காலம்

1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. சரியாக ஏழு வாரம் கழித்து, ஜூன் 18-இல், மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ரப்பர் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் இரண்டும் சந்தித்தன. காவல்துறைக்கும் ராணுவத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் சேற்றில் போகக்கூடிய வண்டி தேவைப்பட்டது. 1951 அக்டோபர் 6-இல் பிரேசர் மலைச் சாலையில் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அன்று அவருடன் சென்ற பாதுகாப்புக் காவலர்களின் வண்டியும் லேண்ட் ரோவர்தான்.

அந்த வண்டியில் நான்கு கியர். அதோடு வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் இன்னொரு பெட்டியும் உண்டு. அதைத்தான் ‘லோ ரேஞ்ச்’ என்கிறோம். முதல் இரண்டு கியர்களுக்கு, பற்களின் வேகத்தைத் தானே பொருத்தித் தரும் அமைப்பு கிடையாது. ஓட்டுநர்தான் கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு கியரைச் சேர்க்கணும். வண்டி ஓட்டுவதே ஒரு கைத்தொழில் மாதிரி.

அந்த வண்டி எவ்வளவு தாங்கும்? 1955 செப்டம்பரில் லண்டனிலிருந்து புறப்பட்ட ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர் குழு இரண்டு லேண்ட் ரோவர்களில் தரைவழியாகவே வந்து, 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தது. “மேனுவல்தான் உறுதி” என்ற நம்பிக்கை இப்படிப்பட்ட பயணங்களால் வளர்ந்தது.

ஆட்டோ பலவீனமானதா?

இங்கேதான் சான்றைச் சரிபார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இலேயே ஹைட்ராமேடிக் என்ற ஆட்டோ கியர்பாக்ஸை அறிமுகப்படுத்தி, 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பொருத்தியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில் இரண்டு கேடிலாக் எஞ்சின்கள். அவற்றுக்கும் இதே ஹைட்ராமேடிக்தான். டாங்கியை இழுத்த கியர்பாக்ஸை பலவீனம் என்று சொல்ல முடியுமா?

பிறகு ஏன் லேண்ட் ரோவரில் அது இல்லை? அதன் எஞ்சின் 1.6 லிட்டர், ஏறக்குறைய 50 குதிரைத்திறன். அன்றைய ஆட்டோ பெட்டி எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும்போது ஒரு பங்கை வீணாக்கும். சின்ன எஞ்சினுக்கு அது கட்டுப்படியாகாது. பட்டறை இல்லாத இடத்தில் பழுது பார்க்கவும் மேனுவலே எளிது. ஆக, அது அன்றைய எஞ்சினும் சூழலும் செய்த முடிவு.

சூழல் மாறியபோது முடிவும் மாறியது. 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவர் மேனுவலில் மட்டுமே கிடைத்தது. 1982-இல் ஆட்டோவும் சேர்ந்தது. நம் நாட்டில் 1998-இல் வந்த பெரோடுவா கெம்பாரா இரண்டு வகையிலும் விற்கப்பட்டது. 2020-இல் விற்பனைக்கு வந்த புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் மேனுவலே கிடையாது. தொடக்கத்தில் மேனுவல் மட்டும், இடையில் இரண்டும், இப்போது சில வண்டிகளில் ஆட்டோ மட்டும். “எது வேணும்?” என்று கேட்கும் வாய்ப்பு இன்று பெரும்பாலும் பழைய வண்டிச் சந்தையில்தான் மிச்சமிருக்கிறது.

இன்று வாங்குகிறவருக்கு

சேற்றில் கியர் மாற்ற கிளட்சை மிதித்தால் அந்த நொடி சக்கரத்துக்குச் சக்தி போகாது, வண்டி நின்றுவிடலாம். ஆட்டோவில் இழுவை அறுபடாது. ஆனால் மெதுவாக, நீண்ட நேரம் சேற்றில் உழைத்தால் ஆட்டோ எண்ணெய் சூடேறிக் கெடும். செங்குத்து இறக்கத்தில் லோ ரேஞ்சில் முதல் கியர் போட்ட மேனுவல், வண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் தேய்ந்தால் மாற்றும் செலவு, ஆட்டோ பெட்டியைப் பிரித்துச் சரிசெய்யும் செலவைவிடப் பொதுவாகக் குறைவு.

வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

ஆட்டோ என்றால் எண்ணெயைப் பாருங்கள். பல வண்டிகளில் அது தெளிந்த சிவப்பாக இருக்கும். கறுத்துக் கருகிய வாடை அடித்தால் உள்ளே தேய்மானம். பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

மேனுவல் என்றால் மேட்டில் உயர் கியரில் அழுத்திப் பாருங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது.

எதுவானாலும் லோ ரேஞ்ச் இருந்தால் அதைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கெம்பாராவில் அது இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் வண்டிகள் மூழ்கியதை மறக்க வேண்டாம். இருக்கைப் பட்டியை முழுவதும் இழுத்து, சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். புஸ்பாகோம் சோதனையில் வண்டி தேறியிருக்கலாம், ஆனால் அங்கே கியர்பாக்ஸைத் திறந்து பார்ப்பதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: டிஏ உரிமம் ஆட்டோ காருக்கு மட்டும். டி உரிமம் இருந்தால் இரண்டையும் ஓட்டலாம். டிஏ எடுத்துவிட்டு நாளைக்கு மேனுவல் பிக்அப் வாங்கினால் அதை ஓட்ட முடியாது. பயிற்சிக்குப் பதியும்போதே யோசித்து முடிவெடுங்கள்.

வாரம் ஐந்து நாள் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போய் வருகிறவர், வருஷத்தில் இரண்டு முறை காட்டுக்குப் போவதற்காக மேனுவல் வாங்கி முழங்காலை நோகடிக்க வேண்டியதில்லை. ஒழுங்காக எண்ணெய் மாற்றிய ஆட்டோ போதும். பழத்தோட்டத்தில் தினமும் பாரம் ஏற்றுகிறவர், பட்டறைக்குத் தூரமாக இருக்கிறவர், மேனுவல் எடுப்பதே நல்லது. பராமரிப்புப் பதிவேடு இல்லாத வண்டி என்றால் இரண்டும் வேண்டாம்.

வகுப்பறைக்கு

1. 1948-இல் மேனுவல் மட்டும் இருந்ததற்குக் காரணங்கள் இரண்டு கூறுக.

2. “ஆட்டோ பலவீனமானது” என்ற கருத்தை மறுக்கும் சான்று ஒன்றைக் காட்டுக.

3. 1948 முதல் 2020 வரை மாறியது எது, தொடர்ந்தது எது? விளக்குக. காட்டுச் சாலையும் சேறும் மாறவில்லை, எஞ்சினும் ஓட்டுநரின் அன்றாட வாழ்க்கையும் மாறின. விடையை இங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.