ஒரு செய்திக்கு ஓரிடம்

கல்லூரியில் கணிப்பொறியியல் பயில்வோர்க்குத் தரவுத்தளம் இன்றியமையாத பாடமாகும். அப்பாடத்தின் வேர் 1970ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் உள்ளது. அதனை எழுதிய எட்கர் காட், 1923இல் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர்.

அதற்கு முன்னர்ச் செய்திகள் மரக்கிளை போலவோ வலை போலவோ பிணைக்கப்பட்டிருந்தன. அப்பல்லோ விண்கலத்தின் உறுப்புகளைப் பட்டியலிட எழுந்த ஐ.எம்.எஸ். என்னும் அமைப்பு மரக்கிளை முறையினதே. அம்முறைகளில், ஒரு செய்தியைப் பெற அதை அடையும் வழியையும் அறிந்திருத்தல் வேண்டும். காட் அவர்களோ, கணக்கோட்பாட்டின் துணைகொண்டு, அனைத்தையும் எளிய அட்டவணைகளாக வகுத்துக் காட்டினார்.

அட்டவணைகளைச் செம்மையுற அமைக்கும் நெறிகளை 1971இல் அவர் விரித்துரைத்தார். பள்ளிப் பதிவேடுகளைக் கொண்டே அவற்றின் பயனை உணரலாம். மாணவனின் பிறந்த தேதியைச் சேர்க்கைப் பதிவேட்டிலும் உதவித்தொகைப் பட்டியலிலும் எழுதி, ஒன்றில் மட்டும் திருத்தினால், மெய் எது? அல்லலுறுபவன் மாணவனே. தேதி ஓரிடத்தில் மட்டும் இருக்க, ஏனைய அட்டவணைகள் சேர்க்கை எண்ணால் அதனைச் சுட்டுவதே நெறி.

1974இல் சேம்பர்லினும் பாய்ஸும் இதற்கென வினவல் மொழியொன்றை அளித்தனர். அதுவே இன்றைய எஸ்.க்யூ.எல். காட் 1981இல் டூரிங் விருது பெற்று, 2003இல் மறைந்தார்.

இப்பாடம் பயிலப் புகும் நம் இளைஞர் ஒன்றை நெஞ்சிற் கொள்க: ஏட்டில் நேரும் பிழை, அவ்வேட்டிலுள்ளோர் வாழ்விலும் நேரும் பிழையாகும்.